கோணல் இல்லாத குண்டு

மார்ச் 5, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. டாக்டரம்மாவின் உத்தரவு: தினம் ஒரு பக்கம், இடக்கையால். எதை எழுதுவது என்று கேட்டேன். "எதையாவது எழுதுங்க. வீட்ல என்ன கொழம்புன்னு எழுதுங்க. கை நடந்தா போதும்."

கத்தரிக்காய்க் குழம்பு.

இதற்கே அரை மணி. அக்டோபரில், எட்டாம் வகுப்பில், கணக்கு நடத்தும்போது, பலகைக்கு எதிரிலேயே விழுந்தேன். பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது. வலக்கால் இழுத்துக்கொண்டாவது வருகிறது. வலக்கை வரவில்லை.

ஒரு விசித்திரம். 1 முதல் 6 வரை ஒழுங்காக விழுகிறது. 7 மட்டும் திரும்பி நிற்கிறது. சாராள் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். "இதுல பாருங்க, சரியா கீது." கட்டியவள் கேலி செய்யும் அளவுக்கு நான் தேறிவிட்டேன் போலிருக்கிறது.

ஏன் 7 மட்டும்? 4 ஏன் திரும்பவில்லை?

மார்ச் 7, புதன்

கீரைக் கூட்டு. வெயில்.

தலைமை ஆசிரியர் வந்தார். (இனி த.ஆ. இடக்கைக்கு அவ்வளவுதான் முடியும்.) நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். வளைந்து பேசத் தெரியாதவர்.

ஏப்ரல் 3ஆம் தேதி பள்ளிக் கமிட்டி. ஜூனில் யார் யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு. என்னைப் பற்றி அவர்தான் அறிக்கை தர வேண்டும்.

"பலகையில எழுதாம கணக்கு எப்படி நடத்துவீங்க, வாத்தியாரே? வாயால சொன்னா பசங்களுக்கு ஏறுமா? உள்ளது உள்ளபடிதான் நான் எழுதணும். எழுத முடியாதுன்னு."

"இடக்கையால பழகினு இருக்கேன்."

இந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மூடிக் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இருபத்திரண்டு வருஷம் அந்த வகுப்பில் நின்றிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன்? தினம் குழம்பு பெயர் எழுதுவேனா? ஆத்திரம். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

மிஷன் துரை ஆள் அனுப்பினார். பங்களா வரை நடந்தேன். நின்று நின்று, இருபது நிமிஷம்.

விஷயம் குண்டுப் பெட்டி. எப்போதோ இங்கே இருந்த ஸ்காட்லாந்து துரை ஒருவர் விட்டுப்போனது. எட்டு மரக்குண்டு, குட்டி என்று ஒரு சின்ன வெள்ளைக் குண்டு. பங்களாவுக்குப் பின்னால் அவரே போட்ட நாற்பது கஜப் புல்தரை. வருஷா வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை மிஷன் ஆட்கள் எல்லோரும் அங்கே ஆடுவோம். முதலில் குட்டியை உருட்டி நிறுத்துவது. பிறகு ஆளுக்கு நான்கு குண்டு, மாற்றி மாற்றி. எதிராளியுடையதைவிடக் குட்டிக்கு அருகே எத்தனை நிற்கிறதோ அத்தனை புள்ளி. முதலில் ஏழு எடுத்தவர் ஜெயித்தார். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

ஆனால் குண்டு நேரே போகாது. ஒரு பக்கம் லேசாகச் சப்பை. அதனால் போகப்போக அந்தப் பக்கம் வளையும். அந்த வளைவைக் கணக்கிட்டு விடுவதில்தான் ஆட்டமே இருக்கிறது. கிணற்றில் மாடு கட்டி, கவலை என்கிற தோல்சாலால் தண்ணீர் இறைப்பவன் மட்டும் வருஷம் தவறாமல் சொல்வான்: "மாட்டுக்கே புல்லு இல்ல. இவுங்க புல்லுக்குத் தண்ணி வுட்டு கட்டை உருட்டிக்கினு கீறாங்க."

ஐந்து வருஷமாகக் கோப்பை த.ஆ. வீட்டில். நான் இரண்டு முறை இறுதி வரை போய்த் தோற்றவன்.

இந்த வருஷம் ஒரு குண்டு வெயிலில் பிளந்துவிட்டது. துரை சொன்னார், புத்தகத் தமிழில்: "திருப்பதியில் கடைசல்காரர் இருக்கிறார் என்று அறிந்தேன். தாங்கள் ஓய்வாக இருக்கிறீர்கள் அல்லவா?"

ஓய்வாக! சரி, போகிறேன் என்றேன். ரயில் ஏறி ஐந்து மாதம்.

மார்ச் 12, திங்கள்

திருப்பதி போய் வந்தேன். சாராளும் கூட. பாகாலாவில் வண்டி மாற இறங்கும்போது வலக்கால் மடங்கியது, முன்னால் இருந்த மொட்டைத் தலைக்காரர் பிடித்துக்கொண்டார். "கோவிந்தா, கோவிந்தா, ஜாக்ரத்தண்டி!" ஸ்தோத்திரம் என்றேன். இருவரும் சிரித்தோம்.

கடைசல்காரர் பெயர் கோதண்டம். மரப்பாச்சி, பம்பரம், தொட்டில் கால் எல்லாம் செய்கிறார். பட்டறை முழுக்கச் செம்மரத் தூள், இருமல் வரும் வாசனை. பிளந்த குண்டைக் காட்டி, மாதிரிக்கு அதன் ஜோடியையும் கொடுத்தேன்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துச் சுற்றினார். காதருகே வைத்துத் தட்டினார்.

"சீமை மரம். நம்ம செம்மரத்துலயே போட்டுத் தரேன். இதுக்கு ஈடா கனம் இருக்கும். தண்ணியில போட்டா முழுவும்."

"அச்சா இதே மாதிரி வேணும்."

"இத வுட நல்லாவே வரும், நைனா. மல்லி சோமவாரம் வாங்க."

தெலுங்கு கலந்த பேச்சு, அடுத்த திங்கள் என்று அர்த்தம். வரும் வழியில் யோசனை: வளைவு எதனால்? சப்பையால் என்பது தெரியும். ஆனால் கையை விட்டதும் ஏன் வளையவில்லை? பாதி தூரம் நேராகப் போய், ஓய்ந்து வரும்போதுதானே திரும்புகிறது? இருபது வருஷம் ஆடியிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கம்.

மார்ச் 14, புதன்

முருங்கைக்காய் சாம்பார். பரிசோதனை.

துரையிடம் கேட்டு இன்னொரு குண்டு வாங்கி வந்திருக்கிறேன். கூடத்துச் சிமெண்ட் தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவி உருட்டினேன். தடம் அழகாக விழுகிறது. நூலால் அளந்தேன்.

வேகமாக விட்டால்: கோடு கிட்டத்தட்ட நேர், சுவரில் மோதல்.
மெதுவாக: பாதிக்கு மேல் வளைவு. கடைசி முழம் கொக்கி.
மிக மெதுவாக: உடனே வளைவு.

சாராள் வாசலில் நின்றாள். "கூடம் பூரா சாம்பலாக்கினு இன்னா பண்றீங்க?"

"கணக்கு."

"எளுதி முடிச்சதும் நீங்கதான் பெருக்கணும். அதுக்கும் ஒரு கை போதும்."

பெருக்கினேன். பெருக்கும்போது உறைத்தது. முன்பெல்லாம் வலக்கையால் வலப்புறம் விட்டு இடப்புறம் வளைப்பேன். இடக்கையில் எல்லாமே தலைகீழ், இந்த 7 போல. மறுபடி அரிச்சுவடியிலிருந்து.

ஈஸ்டர் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் என்ன? வெளியே சொல்லவில்லை.

மார்ச் 19, திங்கள்

திருப்பதி. கோதண்டம் குண்டை வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். ரத்தச் சிவப்பு. மெழுகு பூசிப் பளபளப்பு. கைக்கு இதமான கனம்.

தரையில் உருட்டிக் காட்டினார். நூல் பிடித்தது போல் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது.

"பார்த்தீங்களா? பழைய குண்டு கோணலா இருந்திச்சு. ஒரு பக்கம் சப்பை. எவனோ கை திருந்தாதவன் கடைஞ்சது. நான் சரி பண்ணிட்டேன்."

விளக்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் பழைய குண்டைக் கடைசலில் மாட்டப் போனார். "இதையும் சரி பண்ணிடறேன். தனிக் கூலி வாணாம்."

பாய்ந்தேன். உண்மையாகவே பாய்ந்தேன், இந்தக் காலோடு. "ஐயோ, அது கோணலாத்தான் இருக்கணும்!"

அவர் என்னைப் பார்த்த பார்வை! பிறகு சாராளைப் பார்த்தார், பாவம் என்பது போல. "கோணலா இருக்கணும்னு யாருனா காசு குடுத்து செய்வாங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா அதையும் செய்திருப்பேன். மனசு வராது, ஆனா செய்திருப்பேன்."

நியாயம்தான். "அதே மாதிரி" என்றேனே தவிர, கோணல் வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைக்கும் வாத்தியார் புத்தி. வேறு கட்டை காய்ந்து கிடைக்க ஒரு மாதம் ஆகுமாம்.

வண்டியில் சாராள் குண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "எவ்ளோ லட்சணமா கீது. இத்தப் போயி தப்புன்றீங்க."

மார்ச் 20, செவ்வாய்

மாலை, புல்தரை. செங்குண்டைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு முறை உருட்டினார்கள். வழக்கம் போல் ஓரமாக விட, அது ஓரமாகவே போய் வேலியில் விழுந்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மூன்று முறை விட்டு மூன்று முறையும் வேலி. "கோணல் இல்லாத குண்டு ஒரு குண்டா?"

துரையின் தீர்ப்பு: "பெட்டியில் எட்டு உள்ளன. எட்டும் விளையாடும்."

அப்படியானால் எந்த நான்கில் செங்குண்டு இருக்கும், யார் தலையில் கட்டுவது? சர்ச்சை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சு. நான் சொன்னேன்: "எனக்குக் கொடுங்க. என் ஆட்டம் எல்லாத்துலயும் நானே வெச்சிக்கிறேன், மத்ததுல சீட்டுப் போட்டுக்கங்க."

த.ஆ. மெல்ல அருகில் வந்தார். "வாத்தியாரே, நீங்க நிழல்ல உக்காந்து புள்ளி எழுதலாம்னு நெனச்சேன்."

"புள்ளி எழுதத்தான் எனக்கு வராதே, ஐயா. நீங்களே அறிக்கையில எழுதப்போறீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பெயர்ப் பட்டியலில் எட்டாவதாக என் பெயரை அவர்தான் எழுதினார், அழகான கையெழுத்தில்.

மார்ச் 22, வியாழன்

காலை ஆறு மணி, ஆள் வருவதற்கு முன் பயிற்சி. சாராள் மறுமுனையில் குட்டிக்குப் பக்கத்தில்.

சங்கடம் 1: இடக்கையால் விட்டால் வலக்காலை முன்னால் வைக்க வேண்டும். அதுதான் உதவாத கால். விழுந்தேன். மறுபடி விழுந்தேன். புல், வலி இல்லை. மூன்றாம் முறை காலை முதலிலேயே முன்னால் வைத்து ஊன்றிவிட்டு, பிறகு குனிந்தேன். நின்றது.

சங்கடம் 2: தூரம். குண்டு ஒன்று கிணற்றடிக்கே போய்விட்டது. கவலைக்காரன் எடுத்துக் கொடுத்தான். "இது பரவால்லியே, ஒயுங்கா நேராப் போவுது."

சங்கடம் 3 என்று எதையோ எழுத நினைத்தேன், மறந்துவிட்டது.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

கோயிலில் எல்லோர் கையிலும் ஓலை. நான் இடக்கையில் பிடித்தேன். பிரசங்கத்தில் பாதி கேட்கவில்லை, யோசனை செங்குண்டில்.

யோசித்தது: த.ஆ.வுக்கும் கம்பவுண்டருக்கும் செங்குண்டு ஏன் வேலிக்குப் போகிறது? கையில் இருபது வருஷப் பழக்கம். கை தானாக ஓரம் பார்க்கிறது. என் இடக்கைக்கு ஒரு பழக்கமும் இல்லை. கோணல் குண்டும் புதுசு, நேர்க் குண்டும் புதுசு. இரண்டையும் ஒன்றாகவே கற்றுக்கொள்கிறது.

இந்தக் கை எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தது போல.

மார்ச் 28, புதன்

பயிற்சி. நாற்பது முறை செங்குண்டு. குட்டிக்கு ஒரு சாணுக்குள்: பதினொன்று.

சாராள் எண்ணியது பன்னிரண்டு. அளந்தால் பதினொன்றுதான். சண்டை.

மார்ச் 30, பெரிய வெள்ளி

ஆட்டம் கிடையாது. மூன்று மணி நேர ஆராதனை, சிலுவையின் ஏழு வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிப் பார்த்தேன். வார்த்தை 7இல் எண் திரும்பித்தான் நிற்கிறது.

வெளியே வரும்போது த.ஆ. மனைவி சாராளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க வூட்டுக்காரர் அந்த அறிக்கைய நாலு வாட்டி எழுதிக் கிழிச்சிட்டாரு. தூக்கமே இல்ல."

கிழித்தாலும் அதே வார்த்தையைத்தான் மறுபடி எழுதியிருப்பார். பயமாக இருக்கிறது. ஜெபத்தில் அதையே கேட்டேன், வெட்கமில்லாமல்: வகுப்பு வேண்டும்.

ஏப்ரல் 2, ஈஸ்டர் திங்கள்

மாலை. வரிசையாக எழுத வேண்டும்.

காலை மேகம். புல் ஈரம், குண்டு மெதுவாக ஓடியது. பெண்கள் வேப்பமர நிழலில், சுண்டல் அண்டாவைச் சுற்றி.

முதல் ஆட்டம், கம்பவுண்டர். பாவம் பார்த்து ஆடினார், தோற்றார். 7-3. "நான் இரக்கப்பட்டுட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே சுண்டல் தின்னப் போனார்.

இரண்டாவது, போஸ்ட் மாஸ்டர். இரக்கம் கிடையாது. நடுவில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தூக்க நான்கு பேர் ஓடி வந்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்று நிழலிலிருந்து சாராளின் சத்தம். எழுந்துகொண்டேன். 7-5.

இறுதி, த.ஆ. கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். விட்டுக்கொடுக்கும் உத்தேசம் துளியும் இல்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். 4-1 என்று முந்தினார். நான் 4-4. பிறகு ஒரு மடத்தனம்: செங்குண்டை வளையும் என்று நினைத்து ஓரமாக விட்டேன். வேலி. கைக்குப் பழக்கம் இல்லை சரி, மண்டைக்கு இருக்கிறதே! 6-4 அவருக்கு. இன்னும் ஒரு புள்ளியில் முடிந்திருக்கும். அடுத்ததில் இரண்டு எனக்கு, கோணல் குண்டுகளாலேயே. 6-6.

கடைசிச் சுற்று. அவர் குண்டு குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில், பின்னால். முன்னால் இடமும் வலமும் அவருடைய இரண்டு, காவல் போல. இடப்புறமாக வளைத்து வர வழியில்லை, வலப்புறமாகவும் இல்லை. என் கையில் மிச்சம் செங்குண்டு ஒன்று. நடுவே இடைவெளி, ஒரு முழம் இருக்கும். அதில் வளைந்து வரும் குண்டு நுழைய முடியாது. நேரே போவது நுழையும்.

காலை முன்னால் வைத்தேன். குனிந்தேன். சாராளைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. விட்டேன்.

போகும்போதே தெரிந்துவிட்டது. காவல் இரண்டுக்கும் நடுவில் புகுந்து, ஓய்ந்து, குட்டியின் மேல் 'டொக்' என்று சாய்ந்து நின்றது. கவலைக்காரன்தான் முதலில் கத்தினான். அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

துரை கோப்பையைக் கொடுத்தார். ஒரு காது உடைந்த வெள்ளிப்பூச்சுக் கோப்பை. சாராள் வாங்கிக்கொண்டாள், என் கையில் குண்டு இருந்ததால்.

கூட்டம் கலைந்தது. த.ஆ. மட்டும் போகவில்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நாளைய கமிட்டி பற்றித்தான் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். கோணல் குண்டு வேகமா போறப்போ ஏன் வளையறதில்ல? ஓயும்போதுதானே வளையுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக என் கேள்வி! இருங்க சொல்றேன் என்றேன். கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புக் கூடை பக்கத்திலேயே இருந்தது. கிணற்றடிச் சிமெண்ட் தரையில் ஒரு கட்டியால் கோடு இழுத்தேன். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உருட்டிவிட்டால், வேகம் இருக்கும் வரை நிமிர்ந்து ஓடும், வேகம் செத்தால் சாய்ந்த பக்கம் திரும்பும், அதேதான். கோணல் குண்டின் தடம் இது, செங்குண்டின் தடம் இது, இங்கே வரை இரண்டும் ஒன்று, இங்கே பிரிகிறது. இது தொடுகோடு. ஏழு கஜத்தில் இவ்வளவு விலகல், பதினான்கில் இவ்வளவு. இரட்டிப்பு தூரத்துக்கு விலகல் இரட்டிப்பு அல்ல, பாருங்க, அதைவிட அதிகம். அவர் கேட்டார், நான் எழுதினேன். மறுபடி கேட்டார், மறுபடி எழுதினேன். கம்பவுண்டர் சுண்டல் இலையோடு வந்து நின்றார். கவலைக்காரனும்.

த.ஆ. திடீரென்று, "இருங்க, அழிச்சிடாதீங்க" என்றார். பரீட்சைத் தாள் திருத்துவது போல இடமிருந்து வலம் பார்த்தார், மேலிருந்து கீழ் பார்த்தார்.

"இதையெல்லாம் எதால எழுதினீங்க?"

"சுண்ணாம்பாலதான்."

"அத கேக்கல."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நாலு முழத்துக்குப் படம், எண், எழுத்து. கொஞ்சம் கோணல்தான். படிக்க முடிகிறது. 7 எங்கே என்று தேடினேன். மூன்று இடத்தில் இருந்தது, மூன்றும் ஒழுங்காக.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஏப்ரல் 3, செவ்வாய்

காற்றே இல்லை. கமிட்டி பத்து மணிக்கு. எனக்கு அழைப்பு இல்லை.

பத்தரை. பதினொன்று. சாராள் ஒரே கோப்பையை நான்கு முறை துலக்கினாள்.

கிணற்றடியில் யாராவது தண்ணீர் ஊற்றியிருப்பார்களோ என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊற்றவில்லை. கவலைக்காரன் சொன்னான்: "காலைல தலைமை ஐயா தொரையையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வந்து இத்தக் காமிச்சாரு. தண்ணி இறைக்கவே வுடல என்னை."

நான்கு மணிக்கு த.ஆ. வந்தார். இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அறிக்கையை உங்களுக்காக மாத்தினேன்னு நெனைக்காதீங்க. கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன். கமிட்டியும் பார்த்தாங்க. வகுப்பு உங்களுதுதான்."

"ஜூன்லருந்தா, ஐயா?"

"ஜூனா? பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கு. தொடுகோடு ஒரு பையனுக்கும் புரியல. நாளைக்கு மொத பீரியட் வந்துடுங்க. அந்தச் செங்குண்டையும் எடுத்துக்கினு வாங்க."

அவர் போன பிறகு சாராள் என் கோட்டை எடுத்து உதறினாள். பொத்தான் போட உதவட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பழகிக்கொள்கிறேன் என்றேன்.

ஒரு கோணல் குண்டும் வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் காட்ட முடியாது. துரையிடம் கேட்க வேண்டும். சாம்பல் ஒரு டப்பா. நூல்.

இன்றைய குழம்பு தெரியவில்லை, இன்னும் சாப்பிடவில்லை. டாக்டரம்மாவின் பக்கம் இவ்வளவுதான். பாடக் குறிப்பு எழுத வேண்டும்.